சராசரி பஸ்ஸுல ஏறினவன் எவன்லே?

பேராண்டி, நீ இங்கிலாந்துல, லீட்ஸ்ல உக்காந்து அப்படி என்னதான் படிக்கேன்னு ஊருக்குள்ள கேக்காக. பஸ்ஸு ஒரு நாள் வெரசா போகுது, ஒரு நாள் இழுத்தடிக்குது, அந்த ஏத்த எறக்கத்தை அளந்து அதுக்கு விலை போடுத படிப்புன்னு சொன்னேன். "இதுக்கு எதுக்கு விமானம் ஏறணும், நம்ம ஸ்டாப்புல ஒரு வாரம் நின்னா பத்தாதா?"ன்னான் டீக்கடைக்காரன். "நிக்கது நீ, விலை போடுதது என் பேரன்"னு சொன்னதும் கம்முன்னு ஆயிட்டான். விலைங்கிற பேச்சு வந்துட்டா நம்ம பயலுவளுக்குத் தன்னால மரியாதை வந்துரும்.

இப்ப நீ லீவுல வாரேன், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற பொம்பளைகள்ட்ட கேள்வித்தாள் கொடுக்கப் போறேன்னு சொல்லுத. நல்லா வா. நீ போன்ல சொன்னதையும் அனுப்பி வச்ச தாளையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பருத்திக் கமிஷன் கடையில காலமெல்லாம் கணக்கெழுதின கை, நம்பரு என்னை ஒண்ணும் செய்யாது. இங்கிலீஷுதான் கொஞ்சம் முறைச்சுது, அதைப் பக்கத்து வீட்டு வாத்தியார் மடக்கிக் கொடுத்துட்டாரு. அதனால நீ வந்து எறங்கும் முன்ன கொஞ்சம் புத்தி சொல்லி வைக்கேன். கேக்கதும் விடுததும் ஒன் இஷ்டம். கேக்காம போனா எப்படி ஆகும்னு ஒங்கப்பனைப் பாத்துத் தெரிஞ்சுக்கோ.

மொதல்ல, எங்க போனாலும் சராசரியை மட்டும் கேளு. உலகத்துல யாரையும் நோகடிக்காத நம்பர் அது ஒண்ணுதான். "கோவில்பட்டிக்கு சராசரியா 45 நிமிஷம்"னு ஒரு பேச்சுக்கு எழுதுதேன்னு வையி, அதிகாரி முகம் மலந்து கையெழுத்துப் போட்டுருவாரு. அந்த 45 நிமிஷ பஸ்ஸுல ஏறினவன் எவன்லேன்னு மட்டும் நீ கேட்டுறப்படாது. ஒருத்தனும் ஏறியிருக்க மாட்டான். ஒருத்தன் 35 நிமிஷத்துல போய்ச் சேந்திருப்பான், இன்னொருத்தன் ரயில்வே கேட்டுல நின்னு, டயரு மாத்தி, ஒண்ணேகால் மணி நேரம் போயிருப்பான். இப்படி எல்லாரையும் கூட்டி வகுத்தா வாரது யாருன்னா, பொறக்காத ஒருத்தன். நம்ம மானாவாரிக் காட்டுக்கு வருஷ மழை இத்தனை மில்லிமீட்டர்னு சொல்லுதாகள்லா, அதே சங்கதிதான். வருஷக் கணக்குல ஒரு சொட்டு கொறைஞ்சிருக்காது. கம்பு கதிர் வாங்குற கார்த்திகையில எட்டிப் பாக்காம, தை மாசம் களத்துல கெடக்கும்போது வந்து கொட்டியிருக்கும்.

பயண நேரத்துல இன்னொரு குசும்பும் உண்டு. வெரசா போறதுக்கு ஒரு எல்லை இருக்கு. ரோடு காலியா கெடந்து, டிரைவருக்கு மச்சினன் கல்யாணமே இருந்தாலும் அரை மணிக்குக் கீழ எறக்க முடியாது. லேட்டாகுததுக்கு எல்லையே கெடையாது. பஞ்சரு, கேட்டு, சாமி ஊர்வலம், கட்சி ஊர்வலம், ரோட்டை மறிச்சுப் படுத்த எருமைன்னு வந்துக்கிட்டே இருக்கும். நீ அனுப்பின படத்துல ஒரு பக்கம் செங்குத்தா ஏறி, மறுபக்கம் நீளமா வால் இழுத்துக்கிட்டுக் கெடக்குல்லா, அந்த வாலுலதான் நம்ம சனம் நிக்குது. சராசரி அந்த வாலைக் காட்டுததே இல்ல.

அதுக்குத்தான் அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகம் ஒரு வழி வச்சிருக்கு. மாசத்துக்கு 20 வேலை நாள். அந்த 20 நாள் பயண நேரத்தையும் சின்னதுல இருந்து பெருசா அடுக்கு. 19-ஆவது எதுவோ அதுதான் 95-ஆவது சதமானம். அந்த அளவுக்கு நேரத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கிளம்பினா மாசத்துல ஒரு நாள்தான் லேட்டாகும். சராசரி 45, அந்த 95-ஆவது இடத்துல 75-ன்னு வச்சுக்கோ. வித்தியாசம் 30 நிமிஷம். அதுக்கு பஃபர் நேரம்னு பேரு. 30-ஐ 45-ஆல வகுத்தா 67 சதவீதம், அது பஃபர் குறியீடு. இது நல்ல கணக்கு, நான் ஒத்துக்கிடுதேன். ஆனா எனக்கு இதுல உறைச்சது வேற. மோசமான நாளு ஒண்ணு ரெண்டுதான். அதுக்காக அந்த 30 நிமிஷத்தை 20 நாளும்லா கொடுக்கணும்! மத்த நாளெல்லாம் அந்தப் பொம்பளைக தீப்பெட்டி ஆபீஸ் கேட்டு தொறக்கும் முன்னமே போய், வாட்ச்மேன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு வேப்பமரத்தடியில உக்காந்திருக்காகளே, அந்த நேரத்தை எவன் நோட்டுல எழுதுதான்? பஸ்ஸுக்காரன் எழுத மாட்டான், அவன் வண்டி அன்னைக்கு லேட்டில்ல. மொதலாளி எழுத மாட்டாரு, ஆளு நேரத்துக்கு வந்தாச்சு. அரசாங்கமும் எழுதாது. லேட்டா வந்தவளுக்காவது ஒரு பதிவு உண்டு. நேரத்தோட வந்தவ இழந்தது காத்தோட போச்சு.

இப்ப ஒங்க பெரியவுக சங்கதிக்கு வாரேன். வில்லியம் விக்ரே, கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பொருளாதாரக்காரர், 1969-ல ஒரு கட்டுரை எழுதினாரு. காலையில வேலைக்குப் போறவன் மூணு நஷ்டத்தை மனசுல வச்சுக்கிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புதான்: வண்டியில போற நேரம், சீக்கிரம் போய்ச் சும்மா கெடக்குத நேரம், லேட்டாப் போய் வாங்கிக் கட்டிக்கிடுத நேரம். மூணுக்கும் மூணு விலை. பெரிய மனுசன்யா. 1996-ல நோபல் பரிசு அறிவிச்ச மூணாம் நாளு, ஒரு கருத்தரங்குக்குக் காரோட்டிப் போற வழியில மாரடைப்புல போயிட்டாரு. ரோட்டைப் பத்தியே யோசிச்சவரு ரோட்டுலேயே போயிட்டாருன்னு ஒங்க ஆச்சி உச்சுக் கொட்டுனா.

அவருக்குப் பின்னால கென்னத் ஸ்மால்னு ஒருத்தர், 1982-ல, சான்பிரான்சிஸ்கோ பக்கத்துல வேலைக்குப் போறவுக விவரத்தை வச்சு அந்த மூணுக்கும் நம்பர் கண்டுபிடிச்சாரு. அதுல இருந்து எடுத்து ஒங்க ஆளுக பாடப் பொஸ்தகம் வரைக்கும் இன்னும் ஓட்டிக்கிட்டிருக்குத விலை: வண்டியில போற ஒரு மணிக்கு 6.40 டாலர், சீக்கிரம் போய்க் காத்துக்கெடக்குத மணிக்கு 3.90, லேட்டான மணிக்கு 15.21. ஆல்பா, பீட்டா, காமான்னு பேரும் வச்சுட்டாக. பொம்பளப் பிள்ளைக்கு வைக்கலாம், நல்லாத்தான் இருக்கு.

இதுல ஒரு கூத்து ஒளிஞ்சு கெடக்கு, கவனிச்சியா? எந்த அளவு லேட்டாகுறது புத்திசாலித்தனம்னு ஒங்க சூத்திரம் சொல்லுது. பீட்டாவை, பீட்டாவும் காமாவும் சேந்த தொகையால வகுக்கணும். 3.90-ஐ 19.11-ஆல வகுத்துப் பாத்தேன். அஞ்சுல ஒரு பங்கு வருது. அதாவது, அஞ்சு நாளைக்கு ஒரு நாள் லேட்டா வாரவன்தான் ஒங்க சாஸ்திரப்படி நல்லா யோசிச்சுக் கிளம்பினவன். ஒரு நாள்கூட லேட்டாகாதவன் நேரத்தை வீணாக்குதான்! பஞ்சாயத்து ஆபீஸுல நம்ம கிளார்க்குகிட்ட இதைச் சொன்னேன். மனுசன் எந்திரிச்சு நின்னு ஒன்னைக் கும்பிட்டாரு. தெரியாமலேயே இத்தனை காலம் அமெரிக்கப் பொருளாதாரத்தைக் கடைப்பிடிச்சிருக்காரு. அவரைக் கேட்டா, அஞ்சுல நாலுங்கிறாரு.

சரி, கேலி கெடக்கட்டும். அந்தச் சூத்திரத்தைத் தீப்பெட்டி ஆபீஸ்காரிக்குப் போட்டுப் பாரு. கேட்டை அடைச்சுட்டாம்னா அரை நாள் கூலி போச்சு. அஞ்சு நிமிஷம் லேட்டுக்கும் அரை நாள்தான், அம்பது நிமிஷம் லேட்டுக்கும் அரை நாள்தான். அவளுக்குக் காமா எங்கேயோ நிக்குது. பீட்டாவைப் போல காமா 19 பங்கு இருந்தா 20-ல ஒரு நாள்தான் லேட்டாகலாம்னு கணக்கு வருது. அமெரிக்காக்காரன் 95-ன்னு சொன்னானே, அது இங்க வந்து பொருந்துது. ஒங்க ஆச்சி ரயிலுக்குப் போறதையும் இதே தராசுல வையி. ராத்திரி வண்டிக்கு மத்தியானமே கட்டுச்சோறு கட்டிக்கிட்டு, ஸ்டேஷன் பெஞ்சுல இடம் பிடிச்சு உக்காந்துருவா. நாம எல்லாரும் சிரிச்சோம்லா? அந்த வண்டியை விட்டா அடுத்த வண்டி மறுநாள், மதுரையில தங்கச்சி மக சடங்கு. காமா வானத்துல நிக்கும்போது மத்தியானமே போறதுதான் சரியான விடை. 1968-ல கேவர்னு ஒருத்தர், முன்கூட்டிக் கிளம்பி நெரிசலைச் சமாளிக்கறது எப்படின்னு கட்டுரை எழுதினாராம். ஒங்க ஆச்சி அதுக்கு முன்னாலேயே பெஞ்சுல உக்காந்துட்டா. அவளுக்கு எவனும் பட்டம் கொடுக்கல.

அடுத்தாப்புல, லேட்டே இல்லாம பண்ணுத வித்தை. நீ படிச்சு முடிச்சு எங்கேயாவது அதிகாரியா உக்காருவ, அப்ப ஒதவும். ரோட்டையோ தண்டவாளத்தையோ தொடவே வேண்டாம், நோட்டுல கை வச்சாப் போதும். நம்ம ரயிலையே பாரு. எழும்பூர்ல கிளம்பி தாம்பரம் போக அட்டவணையில அரை மணி நேரம்னா, திரும்பி வரும்போது அதே தண்டவாளம், அதே தூரம், அட்டவணை மட்டும் தாராளமா இருக்கும். நடுவழியில இழந்ததை எல்லாம் அங்க வச்சு ஈடு கட்டிக்கிடலாம். கடைசி ஸ்டேஷன்ல சரியான நேரம்! செங்கல்பட்டுல எறங்கவேண்டியவன் ராத்திரி பட்ட பாடு கடைசி ஸ்டேஷன் கணக்குல வராது. இதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். நேரத்தைத் தாராளமாப் போட்டுட்டு அதைக் காப்பாத்தினா சனத்துக்கு நல்லதுதான், நம்பிக் கிளம்பலாம். என்ன ஒண்ணு, நிச்சயத்துக்கான கூலியை ரயிலேறினவன் எல்லாரும் தெனமும் கொடுக்கான், ஒருத்தருக்கும் தெரியாம.

ஜெர்மன்காரன் இதுல நமக்குத் தாத்தா. அங்க 6 நிமிஷத்துக்குள்ள வந்துட்டா அது லேட்டே இல்ல. சுவிஸ்காரன் 3 நிமிஷத்துக்கு மேல விட மாட்டேங்கான், அவன் ரொம்பக் கறாரு. அதை விடு. ஜெர்மனியில முழுசா ரத்தான வண்டி அந்தத் தாமதக் கணக்குலேயே சேராது. ஓடினாத்தானே லேட்டாக! அப்படியெல்லாம் வச்சும் 2024-ல தொலைதூர வண்டி நேரத்துக்கு வந்தது 62.5 சதவீதம்தான்னு அவங்களே எழுதி வச்சிருக்காக. நேர்மையான ஆளுக. நம்ம ஆளா இருந்தா மிச்சத்தையும் ரத்து பண்ணி 100 ஆக்கியிருப்பான்.

பஸ்ஸுல இந்த வித்தை வேற மாதிரி நடக்கும். "10 நிமிஷத்துக்கு ஒரு பஸ்"னு போர்டு வைப்பான். மணிக்கு ஆறு பஸ்ஸு சத்தியமா ஓடும், ஆறையும் நீ எண்ணிப் பாக்கலாம். ஆனா ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு வரும். எப்படின்னு ஸ்டாப்புல நின்னு பாரு. மொத வண்டி எங்கேயோ ரெண்டு நிமிஷம் பிந்திருது. பிந்தினதால அடுத்த ஸ்டாப்புல கூட்டம் சேந்து போச்சு. கூட்டம் ஏற, கோழிக்கூடையை உள்ள தள்ள, கண்டக்டர் சில்லறைக்கு மல்லுக்கட்ட, இன்னும் ரெண்டு நிமிஷம். அதுக்கடுத்த ஸ்டாப்புல இன்னும் கூட்டம். பின்னால வாரவனுக்கு ஏத்த ஆளே இல்ல, காலியா பறந்து வந்து முன்னவன் முதுகுல முட்டுதான். 1964-லேயே நியூவெல், பாட்ஸ்னு ரெண்டு பேரு இதைக் கணக்காவே எழுதி வச்சுட்டாகன்னு நீதான் சொன்ன. சீரா வந்தா ஒருத்தன் சராசரியா 5 நிமிஷம் நிப்பான். 2 நிமிஷம் 18 நிமிஷம்னு இடைவெளி மாறி மாறி வந்தா அதே ஆறு பஸ்ஸுக்கு 8 நிமிஷத்துக்கு மேல நிக்கணும், ஏன்னா 18 நிமிஷ ஓட்டைக்குள்ளதான் பத்துல ஒம்பது பங்குச் சனமும் வந்து விழும். பஸ்ஸும் கூடல, டீசலும் கூடல, நிக்குத நேரம் மட்டும் கூடிப்போச்சு. லண்டன்ல அடிக்கடி ஓடுத பஸ்ஸுக்கு இந்த மிகுதியா நிக்குத நேரத்தைத்தான் அளக்காகளாம். அதை வச்சே பஸ் கம்பெனிக்குக் கூடுதல் காசும், இல்லேன்னா பிடித்தமும். இங்க அதைச் சொன்னேன்னா கம்பெனிக்காரன் ஒன்னை ஸ்டாப்புலேயே எறக்கி விட்டுருவான்.

நிமிஷத்துக்கு என்ன விலைன்னு ஒங்க பேராசிரியரைவிட நம்ம பஸ் ஸ்டாண்டு ஆளுகளுக்குத் தெரியும், அதையும் சொல்லிருதேன். ரெண்டு தனியார் பஸ்ஸு, பெர்மிட்டுல மூணு நிமிஷ வித்தியாசம். முன்ன போறவன் ஒரு நிமிஷம் கூடுதலா நின்னுட்டாம்னா பின்ன வாரவனுக்குக் கலெக்‌ஷன் போச்சு. அந்த ஒரு நிமிஷத்துக்கு கண்டக்டரு சட்டையைப் பிடிச்சிருக்கான், கண்ணாடி ஒடைஞ்சிருக்கு. டைமிங் தகராறுன்னு பேப்பர்ல வாரது இதுதான். வண்டிக்காரன் நிமிஷத்துக்கு ரத்தக்களறி. ஏறுதவ நிமிஷம்? அது இனாம்.

இந்த எடத்துலதான் நீ படிக்குத படிப்பு எனக்குப் பிடிச்சுப் போச்சு. கலிபோர்னியாவுல 91-ஆம் நெடுஞ்சாலை. 1995 டிசம்பர்ல அதுக்கு நடுவுல காசு கொடுத்துப் போற தடம் ஒண்ணு தொறந்தாக. பக்கத்துலேயே ஓசித் தடம். ரெண்டும் ஒரே ஊருக்குத்தான். ஓசித் தடத்துல நெரிசல், எப்ப போய்ச் சேருவோம்னு நிச்சயம் கெடையாது. காசுத் தடத்துல நிச்சயம். எவன் எதுல போறாம்னு பாத்தே அவன் மனசுல நிச்சயத்துக்கு என்ன விலை வச்சிருக்காம்னு கண்டுபிடிச்சுறலாம், வாயைத் தொறந்து ஒண்ணும் கேக்க வேண்டாம். டெரன்ஸ் லாம்னு ஒருத்தரும் அந்த ஸ்மாலும் 2001-ல போட்ட கணக்கு: பயண நேரம் மணிக்கு 22.87 டாலர். நிச்சயத்துக்கு, அதாவது நடுத்தரமான நாளுக்கும் 90-ஆவது சதமானத்துக்கும் உள்ள இடைவெளியில ஒரு மணியைக் கொறைக்க, ஆம்பளைக்கு 15.12 டாலர், பொம்பளைக்கு 31.91.

ரெண்டு மடங்குக்கு மேல! நான் ஒங்க ஆச்சிகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். "அவனுக்கு என்ன, லேட்டாப் போனா மேனேஜர் ஒருத்தன்தான் ஏசுவான். அவளுக்கு அங்கயும் ஏச்சு, இங்க வந்தா பள்ளிக்கூடத்து வாசல்ல பிள்ளை நிக்கும், அடுப்பு அணைஞ்சு கெடக்கும்"னா. அந்தப் பேராசிரியர்மாரு என்ன காரணம் சொன்னாகளோ, எனக்கு இந்தக் காரணம் போதும்.

இதைப் பாக்க நீ கலிபோர்னியா போக வேண்டாம்லே. நம்ம ஸ்டாப்புலயே ஓசித் தடமும் காசுத் தடமும் இருக்கு. 2021 மே மாசத்துல இருந்து பொம்பளைகளுக்கு அரசு டவுன் பஸ்ஸுல டிக்கெட்டுக்குக் காசு இல்ல. தனியார் பஸ்ஸுல காசு. காலையில எட்டு மணிக்கு வந்து புளியமரத்தடியில நின்னு பாரு. தூக்குவாளியை இடுப்புல இடுக்கிக்கிட்டு ஒரு பிள்ளை நிப்பா. தனியார் பஸ்ஸு வந்து நிக்கும். அவ பஸ்ஸைப் பாக்க மாட்டா, கம்மாக்கரை வளைவைப் பாப்பா, அரசு பஸ்ஸு தலை தெரியுதான்னு. சேலை முந்தானையில முடிஞ்ச காசைத் தடவிப் பாப்பா. கண்டக்டரு "ஏறும்மா, பின்னால வாரது எட்டயபுரம் தாண்டல"ன்னு பொய் சொல்லுவான், அது பொய்யின்னு அவளுக்கும் தெரியும். கேட்டு அடைக்க எவ்வளவு நேரம் இருக்கு, நேத்து அரசு பஸ்ஸு எப்ப வந்துச்சு, முந்தாநாள் வரவே இல்லையே, எல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள்ள ஓடும். அப்புறம் ஒண்ணு ஏறுவா, இல்ல நிப்பா. ஒங்க நோபல் பரிசுக்காரர் கணக்கு மொத்தமும் அந்த எடத்துல நடந்து முடிஞ்சு போச்சு. நீ அதை மட்டும் எழுதிக்கிட்டாப் போதும்: எந்த மணிக்கு எந்தப் பஸ்ஸை விட்டா, எதுல ஏறினா.

நீ என்னன்னா சீட்டு அடிச்சுக் கொண்டு வாரேங்க. ஒரு சீட்டுல ஒரு பஸ்ஸுக்கு அஞ்சு நேரம்: 40, 40, 45, 45, 50. இன்னொரு பஸ்ஸுக்கு 30, 30, 35, 40, 80. எது வேணும்னு கேப்ப. ரெண்டாவது சராசரியில ஒரு நிமிஷம் கம்மி, நானும் கூட்டிப் பாத்துட்டேன். காலேஜுப் பிள்ளைக எதையாவது டிக் அடிச்சுத் தருவாக. நம்ம ஆளுக அப்படித் தர மாட்டாக. மொத கேள்வி, "அந்த 80 எந்தக் கிழமைய்யா?"ன்னு வரும். திங்கக்கிழமை சந்தைன்னு தெரிஞ்சா அவ முன்கூட்டிக் கிளம்பிருவா, அதுக்குப் பேரு நிச்சயமில்லாதது கெடையாது, வெறும் நெரிசல். எந்தக் கிழமைன்னே தெரியாத 80-தான் அவளைத் தின்னுது. இந்த ரெண்டையும் ஒண்ணாக் கலந்துராத. பெரிய பெரிய ஆளுகளே கலந்துருதாக. ரெண்டாவது கேள்வி, "டிக்கெட் எவ்வளவு?"ன்னு வரும். ஓசிங்கிறவகிட்ட நீ எதை எதுக்கு ஈடா வச்சு விலை கேப்ப? அதை யோசிச்சுட்டு வா. மூணாவது, "இதுல கையெழுத்துப் போட்டா நூறு நாள் வேலை வருமா?" அதுக்கு ஒங்க பல்கலைக்கழகத்துல பதில் இருக்காது.

விலையைப் பத்தி ஒரு வார்த்தை. ஒன் இங்கிலாந்து சர்க்காரு ரோடு போட கணக்குப் பாக்கும்போது, கார்ல போறவனுக்கு நேரத்தோட ஏத்த எறக்கம் ஒரு நிமிஷம் கொறைஞ்சா, அது பயண நேரத்துல 0.8 நிமிஷம் கொறைஞ்சதுக்குச் சமம்னு வச்சிருந்தாகளாம். பெறகு 0.4-ன்னு எறக்கிட்டாக. பாதி விலை! பருத்தி மார்க்கெட்டுல அப்படி எறங்கினா ரோட்டை மறிச்சிருப்போம். நல்ல ஆராய்ச்சி பண்ணித்தான் எறக்கினோம்னு நீ சொல்லுத, இருக்கட்டும். அது சொந்தக் காரு வச்சுக்கிட்டு நெனைச்ச நேரத்துக்குக் கிளம்புதவன் விலை. பஸ்ஸை விட்டா அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிக்குதவளுக்கு அந்த 0.4-ஐ எடுத்துட்டு வந்து ஒட்டினேன்னா, கேள்வித்தாளை ஒன் மூஞ்சியில ஒட்டிருவா. இன்னொண்ணு, கூலியை வச்சு நேரத்துக்கு விலை போடாத. கூலி கம்மின்னா நிமிஷமும் மலிவுன்னு வந்து நிக்கும். அப்புறம் அவ எவ்வளவு நேரம் நின்னாலும் நாட்டுக்கு நஷ்டமில்லைன்னு எவனாவது எழுதி, அதுக்கும் ஒரு அதிகாரி முகம் மலந்து கையெழுத்துப் போடுவாரு.

கேள்வித்தாள் ரொம்ப நீளம் வேண்டாம். அவுகளுக்கு நேரமில்ல, நின்னுக்கிட்டிருந்தாலும் நேரமில்ல. வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புனீக, கேட்டு எத்தனை மணிக்குத் தொறக்கும், நடுவுல எங்கன உக்காந்திருந்தீக. இந்த மூணைக் கேளு. லேட்டா வந்தவள்ட்ட கேக்காத, அவளுக்குப் பதில் சொல்ல முடியாது, கேட்டுக்கு வெளிய நின்னு சூப்பர்வைசர்ட்ட கெஞ்சிக்கிட்டிருப்பா. நேரத்தோட வந்து வேப்பமரத்தடியில இருக்கவளைக் கேளு.

கடைசியா என் கூலி. வெளிநாட்டு ஆராய்ச்சியில ஆலோசகர்னு ஒரு செலவு இனம் உண்டாம்லா, வாத்தியார் சொன்னாரு. ஒங்க ஆச்சியையும் என்னையும் அதுல எழுது. மணிக்கு எனக்கு 15.12, அவளுக்கு 31.91. அவ கேட்டா ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிராத, நான் ஏற்கெனவே வாசிச்சுக் காட்டித் தொலைச்சுட்டேன். பேங்குல போடாம கையில கொடு. பேங்குல போட்டா எடுக்க கோவில்பட்டிக்குப் போகணும், ஒங்க ஆச்சி சாயங்காலம் மூடுத பேங்குக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கே என்னைக் கிளப்பிருவா.